பத்திரம் யார் கையில்?

"பேங்க் லோனே வேண்டாம், விற்கிறவரிடமே தவணை கட்டி வாங்கிக்கலாம்" என்று பழைய வீட்டை யாராவது காட்டினால், எனக்கு சிகாகோவின் நார்த் லாண்டேல் ஞாபகம் வரும்.

1934இல் தொடங்கிய அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் காப்பீட்டுத் திட்டம், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளை ஒதுக்கித் தள்ளியது. வங்கிக் கடன் கிடைக்காத அவர்களிடம் வீட்டு வியாபாரிகள் தவணை ஒப்பந்தத்தோடு வந்தார்கள். 1961இல் கிளைட் ராஸ் அங்கே 27,500 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். விற்றவர் ஆறு மாதம் முன்பு அதை வாங்கியது 12,000 டாலருக்கு. மூன்றே மாதத்தில் பாய்லர் பழுதானது. பழுதுபார்க்கும் செலவு ராஸ் தலையில். பத்திரம் மட்டும் கடைசித் தவணைவரை விற்றவர் கையில். ஒரு மாதம் தவறினால் போதும், கட்டிய பணமும் போச்சு, வீடும் போச்சு. அதே வீட்டை அடுத்த குடும்பத்துக்கு விற்கலாம்.

1968இல் இப்படி வாங்கியவர்கள் 'காண்ட்ராக்ட் பையர்ஸ் லீக்' என்று திரண்டு, தவணை கட்டுவதை நிறுத்தினார்கள். வழக்குகளில் தோற்றார்கள். ஆனாலும் பல ஒப்பந்தங்களைத் திருத்தி எழுத வைத்தார்கள்.

விற்பவரே கடன் தருவது மோசடி என்று நான் சொல்லவில்லை. வட்டி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், பத்திரம் என் பெயருக்கு என்றைக்கு மாறும் என்று கேட்கணும். நார்த் லாண்டேல்காரர்கள் வீட்டைப் பறிகொடுத்துக் கற்ற பாடம் அது.