கறுப்பருக்கும் கரிப்பூச்சு!

கறுப்பர் ஒருவர் மேடை ஏறுமுன் கண்ணாடி முன் அமர்கிறார். எரித்த தக்கையின் கரியைக் குழைத்து முகமெங்கும் பூசுகிறார். கறுப்பருக்கு எதற்குக் கரிப்பூச்சு என்று கேட்கத் தோன்றுமன்றோ? பள்ளியில் நாம் கற்பிக்கும் வரலாற்றில் லிங்கனுக்கு இடமுண்டு. இந்தக் கேள்விக்கு விடை கூறும் ஏடு இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்காவில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பரைப்போல் உளறியும் உருண்டும் கூத்தாடினர். ‘மின்ஸ்ட்ரல்’ என்பது அதன் பெயர். பருத்திக் காட்டில் உழைத்து ஓடானவன், மேடையிலே சோம்பேறி! 1865-இல் அடிமைத்தளை அறுந்தது. அந்தப் பொய்முகம் அறவில்லை. கறுப்பரே நடிக்க வந்தபோதும், அதை அணிந்தால்தான் கொட்டகைக் கதவு திறந்தது.

பஹாமாத் தீவில் 1874-இல் பிறந்த பெர்ட் வில்லியம்ஸ் அப்படிக் கரி பூசியவர். இயற்கையில் நிறம் சற்று வெளுத்தவர். அவரும் ஜார்ஜ் வாக்கரும் 1903-இல் ‘இன் டஹோமி’ என்ற இசை நாடகத்தை நியூயார்க்கின் பெரிய அரங்கிலே ஏற்றினர். எழுதியோர், இசையமைத்தோர், நடித்தோர் அனைவரும் கறுப்பர். இசை தந்த வில் மேரியன் குக், பெர்லின் வரை சென்று வயலின் பயின்றவர். அதே ஆண்டு லண்டனில், மன்னர் ஏழாம் எட்வர்டின் பேரப்பிள்ளை பிறந்தநாளுக்கு அரண்மனையிலேயே ஆடிக் காட்டினர். அரண்மனை வரவேற்றது, ஆனால் நியூயார்க்கில் அந்நாடகத்தைக் காண வந்த கறுப்பருக்கு மாடத்தில்தான் இடம்!

1921 மே 23. நியூயார்க் 63-ஆம் தெருவில், சிறப்பில்லாத ஓர் அரங்கில் ‘ஷஃபிள் அலாங்’ தொடங்கிற்று. கதை மில்லர், லைல்ஸ் இருவருடையது. பாட்டு நோபிள் சிஸில். இசை யூபி பிளேக். கையிலே காசில்லை, கடன்தான். அதைவிடப் பெரிய அச்சம் ஒரு காதற்பாட்டு! கறுப்பனும் கறுப்பியும் மேடையில் கேலிக்காக அன்றி, மெய்யாகவே காதலிப்பதா? வெள்ளையர் பொறுப்பாரா? அந்தப் பாட்டின்போது சிஸிலும் மில்லரும் லைல்ஸும் ஓடுவதற்கு ஆயத்தமாக வாயிலருகே நின்றனராம். பிளேக் மட்டும் இசைக்குழுவின் முன்னே அகப்பட்டுக்கொண்டார். தக்காளி பறக்கவில்லை, மீண்டும் பாடச் சொல்லிக் கைதட்டல் எழுந்தது! நாடகம் 504 முறை நடந்தது. கீழ்த்தளத்தின் ஒரு பகுதியிலும் கறுப்பர் அமர்ந்தனர். எனினும் மில்லரும் லைல்ஸும் அதிலும் கரி பூசியே நடித்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. வெற்றி முழு வெற்றியன்று.

முகத்துக்குக் கரி பூசியதைவிடக் கொடியது ஒன்றுண்டு. அந்த நாடகத்தின் இசைக்குழு, இசைக்குறிப்பு ஏட்டைக் கண் முன் வைத்துக்கொள்ளவில்லை. முழு நாடகத்தையும் மனப்பாடம் செய்து வாசித்தது. ஏன்? கறுப்பருக்கு ஏடு பார்த்து வாசிக்கத் தெரியும் என்பதை வெள்ளையர் நம்பமாட்டார்கள். பிறவியிலேயே இசை வந்தவர்கள் என்று எண்ணுவதே அவர்களுக்கு விருப்பம். பிளேக்கே பிற்காலத்தில் இதைச் சொன்னார். கற்றவன் கல்லாதவனாக நடிக்க வேண்டும்! உழைத்துப் பெற்ற அறிவை ‘பிறவிக் குணம்’ என்று பறித்துக்கொள்ளும் வித்தை நமக்கும் புதிதன்று.

அந்நாடகத்தால் புகழ் பெற்ற புளோரன்ஸ் மில்ஸ், லண்டனையும் மயக்கிய பாடகி. 1927 நவம்பரில், 31 வயதில் இறந்தார். ஹார்லெம் வீதிகளில் பல்லாயிரவர் திரண்டு வழியனுப்பினர். அவர் குரல் இசைத்தட்டாக வெளிவந்ததே இல்லை. நாடகத்தின் பாட்டொன்று மட்டும் 1948 தேர்தலில் ஹாரி ட்ரூமனுக்காக ஊரெங்கும் ஒலித்தது. அவர் பெயர் ‘ஹாரி’ என்பதால்! பாடிய கூட்டத்தில் பிளேக்கை நினைத்தவர் எத்தனை பேர்?

ஏடின்றி வாசித்த அந்தக் குழுவிலே ஓபோ என்னும் துளைக்கருவியை இசைத்தவர் வில்லியம் கிராண்ட் ஸ்டில். அவர் எழுதிய ‘ஆப்ரோ-அமெரிக்கன் சிம்பனி’யை 1931-இல் ராச்செஸ்டர் நகரின் வெள்ளை இசைக்குழு அரங்கேற்றியது. அவர்கள் முன்னே ஏடு இருந்தது. அதில் இருந்தது ஸ்டில்லின் எழுத்து.