நிகண்டின் எதுகை வரிசையும் நினைவின் எல்லையும்

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட முடிபு. அவ்வூர் உப்பளங்களை விட்டு மேற்கே சென்றால் திண்டிவனம். அதனை அடுத்துப் பெருமண்டூர். சூடாமணி நிகண்டு செய்த மண்டலபுருடர் பெருமண்டூரொடு தொடர்புடையார் என்பர். அளத்தில் உவர்நீரை ஒருங்கே பரப்பாது பாத்தி பாத்தியாகத் தேக்குவர். பாத்தி என்பதே பகுத்தல் பற்றிய பெயர். மண்டலபுருடரும் சொற்பரப்பை அங்ஙனமே பகுத்தார்.

நிகண்டுகளை முதிராத அகராதிகள் எனக் கருதுவாருளர். அது பொருந்தாது. அகராதி தேடுவார்க்கு உரியது. நிகண்டோ திண்ணைப் பள்ளியில் நெட்டுருச் செய்வார்க்கு உரியது. திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் இயன்றன. சூடாமணியோ விருத்தத்தால் இயன்றது; நான்கடியில் ஒரு பாட்டு முடியும்.

அதன் முதற் பத்துத் தொகுதிகளில் தேவர், மக்கள், விலங்கு, மரம் என இனம்பற்றிச் சொற்கள் அடுக்கப்பட்டன. ஆங்குப் பொருளே கட்டும் கயிறு. பதினோராந் தொகுதியாகிய ஒருசொற் பல்பொருட்பெயரில் அக்கயிறு இல்லை. பகல் என்னும் ஒரு சொல் நாள், முகூர்த்தம், ஞாயிறு, நடு, ஒளி எனப் பலவாய் விரியும். அடுத்த சொல்லுக்கும் அதற்கும் பொருளியைபு யாதுமில்லை. ஆதலின் ஆசிரியர் இரண்டாம் எழுத்தைப் பற்றுக்கோடாக்கினார். ககர எதுகையின் முதற்பாட்டில் பகவன், பகல், மகரம், அகம் என்பன அடிதோறும் முதலில் நிற்கின்றன. ஓரடி மறந்தான் ககரத்தைப் பற்றி அதனை மீட்பான். மூன்றாமடியின் இடையே வசி என்னும் சொல் எதுகையின்றிப் புகுந்துள்ளது. அதனை மீட்கப் பிடியில்லை. இஃது யாப்பு வாங்கிய விலை போலும்.

ஒருங்கே மனத்தில் நிறுத்தத்தக்கவை ஏழளவின என அமெரிக்க உளநூலார் மில்லர் 1956இல் எழுதினார். கோவன் 2001இல் அதனை நான்களவாகக் குறைத்தார். விருத்தத்தின் நான்கடி இவ்வெண்ணை அறிந்து அமைந்தது எனல் மிகை. பயிற்றுவோர் பட்டறிவு அவ்வழிச் சென்றது எனலாம்.

பதினோராவது நிகண்டு தனியே அச்சாகிப் பள்ளிகளில் வழங்கியமையும் ஈண்டு நினையத்தக்கது. 1594இல் சிதம்பரம் இரேவண சித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசையை மேற்கொண்டார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் அவ்வரிசையை விரித்தார். எனினும் நான்கனுள் ஒன்றைத் தொடையகராதி என எதுகைக்கே ஒதுக்கினார்.