வாசலில் கேட்ட வயது

ராக் இசையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மேடையைப் பார்த்தே எழுதுகிறார்கள். எந்தக் குழு, எந்த ஆண்டு, யார் கிட்டார் வாசித்தார் என்று பக்கங்கள் நிறைகின்றன. ஆனால் பதினைந்து, பதினாறு வயதில் ஒரு சின்ன கிளப்பில் முதல் கச்சேரியைக் கேட்டவர்கள் பின்னாளில் சொன்ன நினைவுகளைப் படித்தால், பேச்சு மேடைக்கு வந்து சேர நேரமாகிறது. யாருடைய அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்தோம், வாசல்காரர் எப்படி ஏற இறங்கப் பார்த்தார், கடைசி பஸ் எப்போது என்பதுதான் முதலில் வருகிறது. இதைப் பொடிசுகளின் பரபரப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. சின்ன கிளப்புகளில் ராக் எந்தத் திசையில் வளர்ந்தது என்பதில் கிட்டார்க்காரருக்கு இருந்த பங்கு வாசலில் நின்றவருக்கும் இருந்தது. அவர் கையில் இருந்தது மதுச் சட்டம். இருநூறு பேர் நெருக்கியடித்து நிற்கும் கூடத்தில் நுழைவுக் காசு குழுவுக்குப் போய்விட்டால், வாடகையும் மின்கட்டணமும் பீர் விற்ற பணத்தில்தான் அடைபட வேண்டும். பீர் வாங்க முடியாத வயதுக்காரர் முதலாளியின் கணக்கில் நஷ்டம்; உரிமம் பறிபோகுமோ என்ற பயத்தில் பார்த்தால் ஆபத்தும்கூட.

லிவர்பூலின் கேவர்ன் கிளப் இதற்கு நல்ல சாட்சி. மேத்யூ தெருவில் ஒரு பழைய கிடங்கின் அடியில், செங்கல் வளைவுகள் தாங்கிய நிலவறை அது. 1957 ஜனவரியில் ஜாஸ் இசைக்காகத் திறந்தார்கள். கூட்டத்தின் மூச்சு சுவரில் பட்டுக் குளிர்ந்து நீராக வழியும். கிருமிநாசினி நெடியும் வியர்வை நெடியும் உடுப்பில் ஏறி அலுவலகம் வரை கூடவே வரும். அங்கே அன்று மது கிடையாது, சூப்பும் காப்பியும் குளிர்பானமும்தான். அதனாலேயே நண்பகலில் கச்சேரி வைக்க முடிந்தது. அதனாலேயே தட்டச்சு வேலையிலும் கடை வேலையிலும் இருந்த பெண்பிள்ளைகள் சாப்பாட்டு வேளையில் படியிறங்கி வர முடிந்தது. இங்கிலாந்தில் அப்போது 15 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போய்விடலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கையில் சொந்தச் சம்பளம், ஒரு மணி நேர இடைவேளை, வயது கேட்காத வாசல் மூன்றும் ஒரே தெருவில் கூடிவந்தன. பீட்டில்ஸ் அங்கே முதலில் வாசித்தது 1961 பிப்ரவரி 9 அன்று, ஒரு மதியக் கச்சேரியில். அதற்குச் சுமார் மூன்று மாதத்துக்கு முன்தான் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரப் போலீஸ் அந்தக் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனை நாட்டை விட்டு அனுப்பியிருந்தது. 18 நிரம்பாதவர் இரவு பத்து மணிக்கு மேல் கேளிக்கை விடுதியில் இருக்கக் கூடாது என்பது அந்த ஊர் விதி. மேடையில் நிற்பவருக்கும் விலக்கு இல்லை. கேவர்ன் மேடையில் ஏறியபோதும் ஹாரிசனுக்கு 17தான், ஆனால் அங்கே அதைக் கேட்க ஆளில்லை. கூட்டத்தில் இருந்தவர்களின் கதையும் இதே மாதிரிதான். மேலங்கிகளை வாங்கி வைக்கும் அறையில் வேலை செய்த பெண் சில்லா பிளாக் என்ற பாடகியானார். மதியம் தவறாமல் வந்துகொண்டிருந்த தட்டச்சர் ஃப்ரீடா கெல்லி, பதினேழு வயதில் பீட்டில்ஸ் மேலாளர் பிரையன் எப்ஸ்டைனிடம் வேலைக்குச் சேர்ந்து, ரசிகர் மன்றச் செயலாளராக அந்தக் குழு பிரிந்த பின்னும் கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார்.

வாதம் இன்னும் தெளிவாவது அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில். 1979 பிப்ரவரி 3 அன்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக அரங்கில், மூடப்பட்டுவிட்ட மாணவர் வானொலியான டபிள்யூஜிடிபிக்கு நிதி திரட்ட கிராம்ப்ஸ் என்ற குழு வாசித்தது. மதுக்கூடத்தின் மூலை மேடை இல்லை அது, பல்கலைக்கழக அரங்கம். அன்றைய கூட்டத்தில் 16 வயது இயன் மெக்கேயும் 13 வயது கை பிசியோட்டோவும் இருந்தார்கள். ஒருவரையொருவர் தெரியாது. பின்னாளில் ஃபுகாஸி குழுவில் இருவரும் சேர்ந்து பாடினார்கள். தங்களைப் புரட்டிப்போட்ட இரவு என்று இருவருமே அதைச் சொல்லியிருக்கிறார்கள். மெக்கேயும் பள்ளித் தோழர்களும் டீன் ஐடில்ஸ் என்ற பங்க் குழுவைத் தொடங்கி, 1980 ஆகஸ்டில் பஸ் பிடித்து கலிபோர்னியா போனார்கள். சான் பிரான்சிஸ்கோவின் மபுஹே கார்டன்ஸ் கிளப்பில் வயது காரணமாக மேடை மறுக்கப்படும் நிலை வந்தது. கடைசியில் ஒரு சமரசம்: புறங்கையில் கறுப்பு மையால் பெரிய எக்ஸ் குறி போட்டு உள்ளே விடுவது, குறி தெரிந்தால் ஊழியர் மது தரக் கூடாது. ஊர் திரும்பியதும் பையன்கள் இந்த ஏற்பாட்டை அப்படியே எஃப் தெருவில் புதிதாகத் திறந்திருந்த 9:30 கிளப்பிடம் சொன்னார்கள். 199 பேருக்கு மேல் அனுமதி இல்லாத, மேடையை மறைத்துக்கொண்டு தூண் நின்ற கூடம் அது. கிளப் ஒப்புக்கொண்டது. நவம்பரில் அங்கேயே தங்கள் கடைசிக் கச்சேரியை வாசித்துவிட்டுக் குழு கலைந்தது. கையில் சுமார் 600 டாலர் சேமிப்பு. பங்கு பிரிக்காமல் அதைக் கொண்டு ஓர் இசைத்தட்டு போட்டார்கள். உறைகளை வீட்டில் உட்கார்ந்து கத்தரித்து, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். முன்னட்டையில் மெக்கேயின் தம்பியுடைய இரு கைகள், குறுக்கே மடக்கி, புறங்கையில் எக்ஸ் குறியோடு. டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடு அதுதான். ஊழியருக்கு எச்சரிக்கையாகப் போட்ட குறி சில ஆண்டுகளில் குடிக்க மாட்டோம் என்று சொல்லும் ஒரு கூட்டத்தின் பெருமைச் சின்னமானது. வயது வந்த பிறகும் தாங்களே வரைந்துகொண்டவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தின் அறிவுரைத் தொனி சில சமயம் எரிச்சலூட்டும், அது வேறு. மேடையில் பிறந்த கொள்கை என்று பலரும் நினைக்கும் ஒன்று வாசலில் நடந்த பேரத்திலிருந்து வந்தது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. நியூயார்க்கில் பங்க் வளர்ந்த சிபிஜிபி ஒரு மதுக்கூடம். பீட்டில்ஸை உருக்கி வார்த்ததே ஹாம்பர்க் மதுக்கூடங்கள்தான். போதாததற்கு சியாட்டில் நகரம் 1985இல் சிறார் நடன நிகழ்ச்சிகளுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்து, 10 லட்சம் டாலர் காப்பீடு, காவலர் ஏற்பாடு என்று நிபந்தனைகளை அடுக்கி, அவர்களுக்கான கச்சேரிகளை ஏறக்குறைய நடத்தவே முடியாதபடி செய்தது. அதே சியாட்டிலில் அதே ஆண்டுகளில்தான் கிரஞ்ச் இசை உலகை எட்டியது. அப்படியானால் வாசல் மூடியதால் கெட்டது என்ன? இசை சாகவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாறியது, அதை யார் கேட்டு வளர்ந்தார்கள் என்பது. கிரஞ்ச் குழுவான நிர்வாணாவின் தொடக்கக் கச்சேரிகளில் சில, சியாட்டிலுக்கு வெளியே வீடுகளிலும் ஒலிம்பியா நகரத்து எவர்கிரீன் கல்லூரி விடுதியிலும் நடந்தவை. சட்டம் எட்டாத இடத்தை இசையே தேடிப் போயிருக்கிறது. சொந்த ஊர்ச் சிறுவர்களுக்கோ தங்கள் ஊர்க் குழு இசைத்தட்டிலும் தொலைக்காட்சியிலும் அறிமுகமானது. சட்டத்தின் பின்னால் இருந்த பயம் பொய்யில்லை. வீட்டை விட்டு ஓடிவந்த சிறுவர்கள் போதைக்கும் சுரண்டலுக்கும் ஆளாவதாகப் புகார்கள் எழுந்த ஒரு கிளப்தான் அதற்குத் தூண்டுதல். ஆனால் ஒரு கிளப்பின் குற்றத்துக்கு எல்லா வாசலையும் அடைத்ததால் அந்தச் சிறுவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடவில்லை. மேற்பார்வையுள்ள கூடம் போய், யாரும் பார்க்காத நிலவறை விருந்து மிஞ்சியது. 2002இல் நகரமே அந்தச் சட்டத்தை விலக்கி வேறொன்று கொண்டுவந்தது. நகரச் சட்டத்துக்கு முன்பே, 1984இல், அமெரிக்க மத்திய அரசு, மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு என்று அறிவித்திருந்தது. சாலை விபத்தைக் குறைக்க வந்த சட்டம் அது. பதினெட்டு வயதுக்காரரையும் கிளப் வாசலில் நிற்கவைத்தது அதன் பக்கவிளைவு.

இன்னொரு மறுப்பு, சாட்சிகளைப் பற்றியது. பதினாறு வயதில் கேட்ட எதுவும் அற்புதமாகத்தான் தெரியும். 1976இல் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு வாசித்த முதல் கச்சேரியில் நாங்களும் இருந்தோம் என்று பின்னாளில் சொன்னவர்களை உட்காரவைக்க அந்த அரங்கைப் போலப் பல அரங்குகள் வேண்டும். நியாயமான சந்தேகம். ஆனால் நினைவு பொங்கி வழிவது இசையின் தரத்தைப் பற்றிப் பேசும்போது. புறங்கையில் மை, மதிய இடைவேளை, பத்து மணி விதி போன்றவற்றை யாரும் பெருமைக்காகச் சொல்வதில்லை. ஒட்டிய உறையும் சட்டப் புத்தகமும் வெளியேற்ற உத்தரவும் அவற்றை உறுதிசெய்கின்றன. எந்தப் பாட்டை எப்படி வாசித்தார்கள் என்று கேட்டால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வார்கள். வாசலைப் பற்றிக் கேட்டால் பதில்கள் பெரிதாக மாறுவதில்லை.

மிச்சமிருப்பது பணம். பீர் விற்காமல் கிளப் நடக்குமா என்ற முதலாளியின் கேள்விக்கு இன்றுவரை பொதுவான விடை இல்லை. ஃபுகாஸி 5 டாலர் கட்டணம், எல்லா வயதினருக்கும் அனுமதி என்ற இரண்டு நிபந்தனைகளோடு ஊர் ஊராகப் போனதால் பல ஊர்களில் கிளப்பை விட்டுத் தேவாலயக் கூடத்தையும் சமூகக் கூடத்தையும் தேட வேண்டியிருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1986 டிசம்பர் 31 அன்று கில்மன் தெரு 924ஆம் எண் கட்டடத்தில் தொடங்கிய கூடம் மதுவை அறவே விலக்கி, உறுப்பினர் சந்தாவையும் சம்பளம் வாங்காத தொண்டர்களையும் நம்பி நடந்தது. கிரீன் டே குழு வளர்ந்தது அங்கே. பெரிய இசைத்தட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்த குழுக்களுக்கு மேடை கிடையாது என்பது கூடத்தின் விதி. கிரீன் டே அப்படி ஒப்பந்தம் செய்ததும் விதி அவர்கள் மீதும் பாய்ந்தது. 2015 மே மாதம், ஒரு நிதி திரட்டும் கச்சேரிக்காக, அதே மேடையில் மீண்டும் வாசிக்க அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது.