பேர் தொலைத்த அத்தி

அத்தி பூத்தாப்ல எப்பவாவதுதான் இந்தப் பக்கம் எழுத வர்றேன்னு நண்பர் ஒருத்தர் திட்டினார். சரி, அந்த அத்தியைப் பத்தியே எழுதிடுவோம்னு உட்கார்ந்தாச்சு.

முதல்ல ஒரு விஷயம். அத்தி ஒண்ணும் அபூர்வமா பூக்கிற மரம் இல்லை. வருஷா வருஷம் பூக்குது. நாம பழம்னு நினைச்சுக் கடிக்கிற உருண்டைக்குள்ளேதான் நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியலைங்கிறதால 'பூக்கவே இல்லை'ன்னு நாமளே தீர்ப்பு சொல்லி, அதைப் பழமொழியாவும் ஆக்கிட்டோம். இதை ஞாபகம் வெச்சுக்குங்க.

நான் காஞ்சிபுரத்துக்காரன். எனக்கு அத்தின்னா அத்தி வரதர்தான். அனந்தசரஸ் குளத்துக்குள்ளே படுத்திருக்கிற அந்த அத்திமரச் சிலையை 40 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே எடுப்பாங்க. 1979-க்கு அப்புறம் 2019-ல எடுத்தாங்க, ஜூலை 1-லேருந்து ஆகஸ்ட் 16 வரைக்கும் தரிசனம். அந்தக் கூட்டத்துல நசுங்கினவங்கள்ல நானும் ஒருத்தன். அது நம்ம நாட்டு அத்தி. அடிமரத்துலயே கொத்துக் கொத்தா காய்க்கும். கடையில காயவெச்சு மாலையா கோத்து விக்கிறாங்களே, அது சீமை அத்தி, வேற இனம். ஆல், அரசு, இச்சி எல்லாமே இவங்களுக்குப் பங்காளிங்கதான்.

இப்போ டொரோண்டோவுக்கு வருவோம். செயின்ட் கிளேர் வெஸ்ட்டும் டஃபரினும் சந்திக்கிற பக்கத்துல ஒரு வீட்டு பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கேன். கோர்ஸோ இத்தாலியான்னு சொல்ற ஏரியா. 1982-ல இத்தாலி உலகக் கோப்பை ஜெயிச்சப்போ லட்சக்கணக்கான ஜனம் ரோட்டுல இறங்கி ஆடினது இங்கேதான். வீட்டுக்காரர் கலாப்ரியாவுல ஒரு மலை கிராமத்துலேருந்து வந்தவர். பேரப்பிள்ளைங்க 'நோன்னோ'ன்னு கூப்பிடுவாங்க, தாத்தான்னு அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சுட்டேன்.

நான் வந்த முதல் நவம்பர்ல ஒருநாள் காலையில ஜன்னல் வழியா பார்த்தா, மனுஷன் கொல்லைப்புறத்துல குழி வெட்டிட்டிருக்கார். ஆறடி நீளம் இருக்கும். நிஜமாவே பயந்துட்டேன். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தா, அவர் புதைக்கப் போறது ஒரு மரத்தை! கிளைகளை வெட்டிக் குறைச்சு, மிச்சத்தைக் கயித்தால இறுக்கிக் கட்டி, ஒரு பக்கத்து வேரை மட்டும் அறுத்து, மெதுவா சாய்ச்சுக் குழிக்குள்ளே படுக்க வெச்சார். மேலே பலகை, காய்ஞ்ச இலை, அதுக்கு மேலே மண்ணு. மைனஸ் 20 வரைக்கும் போற ஊர்ல மத்தியதரைக் கடல் மரம் பிழைக்க இதுதான் வழி. ஏப்ரல்ல தோண்டி நிமிர்த்துவாங்க. அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒருமுறை எழுந்திருக்கிறார், இவர் வீட்டு அத்தி வருஷா வருஷம் எழுந்திருக்குது :-)

இந்த ஊர்ல இது ஒரு தனி மனுஷனோட கிறுக்கு இல்லை. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் வந்த இத்தாலிக்காரங்களும், 1953-லேருந்து வர ஆரம்பிச்ச போர்த்துகீசியர்களும் வீட்டுக்கு வீடு இப்படி வளர்த்திருக்காங்க. இந்த ஊர்க்காரரான ஸ்டீவன் பிக்ஸ், அத்தி வளராதுன்னு நினைக்கிற இடத்துல அதை வளர்க்கிறதைப் பத்தி 2012-ல புத்தகமே போட்டிருக்கார்.

நோன்னோ 1958-ல ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துல, பியர் 21-ல வந்து இறங்கினார். வயசு 19. கிடைச்ச வேலை மண்ணு தோண்டுறது. சாக்கடை, தண்ணிக் குழாய், சுரங்கம். அப்போ இந்த ஊருக்கு அடியில தோண்டினவங்கள்ல இத்தாலிக்காரங்க நிறைய பேர். 1960 மார்ச் 17 அன்னிக்கு ஹாக்ஸ் ஹாலோவில், டான் ஆத்துக்கு அடியில தண்ணிக் குழாய்க்காகத் தோண்டின சுரங்கத்துல தீப்பிடிச்சு அஞ்சு இத்தாலியத் தொழிலாளிகள் செத்துப்போனாங்க. அதுல ரெண்டு பேர் அண்ணன் தம்பி. அதுக்குப் பிறகு நடந்த வேலைநிறுத்தங்களும் விசாரணையும்தான் ஒன்டாரியோவோட தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களை மாத்துச்சு. யார்க் மில்ஸ் சப்வே ஸ்டேஷன்ல அவங்க நினைவா ஒரு பெரிய துணி ஓவியம் 2010-லேருந்து இருக்கு. நானே பல தடவை அதைத் தாண்டி ஓடியிருக்கேன், நின்னு பார்த்ததில்லை. பகல் முழுக்க ஊருக்காகக் குழி தோண்டின கை, நவம்பர் வந்தா தன் அத்திக்காகவும் தோண்டியிருக்கு.

அந்த மரம் வந்தது 1967-ல. அம்மா சாவுக்கு ஊருக்குப் போனவர், அப்பா நட்ட மரத்துலேருந்து ரெண்டு குச்சியை ஒடிச்சு, ஈரத்துணியில சுத்தி, கோட்டுக்குள்ளே வெச்சு எடுத்துட்டு வந்தாராம். (இப்போ அப்படிச் செய்யாதீங்க. குச்சியோட சேர்ந்து தேமல் நோய் வைரஸும் வரும். முறையான அனுமதியும் சான்றிதழும் வேணும்.) அத்தியில குச்சியை நட்டு வர்றது பிள்ளை இல்லை, அதே மரம்தான். ஜோர்டான் பள்ளத்தாக்குல கில்கால்ங்கிற இடத்துல 11,400 வருஷத்துக்கு முந்தின கருகின அத்திப் பழங்களைக் கண்டெடுத்து, மனுஷன் குச்சி நட்டு வளர்த்ததாத்தான் இருக்கணும்னு 2006-ல ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. மறுத்தவங்களும் உண்டு. எப்படியிருந்தாலும், குச்சி வழியா ஒரு மரம் தலைமுறை தலைமுறையா அப்படியே வந்துடும்.

வராதது பேரு!

"இது என்ன ரகம் நோன்னோ?"ன்னு கேட்டேன்.

"கருப்பு."

"அது நிறம். பேரு?"

"எங்க அப்பாவோட அத்தி. வேற என்ன பேரு வேணும் உனக்கு?"

எனக்கு வேணும்தான். படிக்கிற பையனுக்கே உரிய அரிப்பு. தேட ஆரம்பிச்சேன். தேடினா, அது ஒரு தனி உலகம். அபூர்வ அத்திக் குச்சிங்க ஒண்ணு நூறு டாலருக்கு மேலே ஏலம் போகுது! அந்த உலகத்தோட பெரிய தலைவலியே பேருதான். இத்தாலியில 'டொட்டாட்டோ', கலிஃபோர்னியாவுல 'கடோட்டா', ரெண்டும் ஒரே மரம். 'பிரன்ஸ்விக்' டெக்ஸாஸுக்குப் போய் 'மக்னோலியா' ஆயிடுச்சு. 'பிளாக் மதீரா'வும் 'ஃபீகோ ப்ரேட்டோ'வும் ஒண்ணா ரெண்டான்னு சேகரிக்கிறவங்க நடுவுல இன்னும் வழக்கு ஓடுது. 'பிரவுன் டர்க்கி'ன்னு ஒரே பேர்ல வேற வேற மரம் விக்குது. ஐரா காண்டிட்ங்கிற பேராசிரியர் 1955-ல நூற்றுக்கணக்கான ரகங்களைத் தொகுத்து ஒரு பெரிய நூல் எழுதினார். அதுலயும் ஒவ்வொரு ரகத்துக்கும் மாற்றுப் பேருங்க வால் மாதிரி நீளுது.

கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்கலாமேன்னு கேப்பீங்க. இலையில எத்தனை விரல், பழத்தோட கண் திறந்திருக்கா மூடியிருக்கா, சதை சிவப்பா தேன் நிறமான்னு ஒரு பட்டியலே இருக்கு. ஆனா ஒரே மரத்துல ஒரு இலை மூணு விரலோடவும் இன்னொண்ணு அஞ்சு விரலோடவும் இருக்கு. குளிர்ல பழுத்தா ருசியும் நிறமும் வேற.

பேரை மட்டும் நம்பினா என்ன ஆகும்கிறதுக்குக் கலிஃபோர்னியாவுல ஒரு கதை இருக்கு. 1880-கள்ல துருக்கியோட ஸ்மிர்னாவுலேருந்து, உலர் அத்திக்குப் பேர் போன ரகத்தோட குச்சிகளை ஆயிரக்கணக்குல இறக்கி நட்டாங்க. மரம் வளர்ந்துச்சு. காயெல்லாம் பிஞ்சுலயே கொட்டிடுச்சு. துருக்கிக்காரன் வேற ரகத்தைக் கொடுத்து ஏமாத்திட்டான்னு பேசிக்கிட்டாங்க. உண்மையில ரகம் சரியானதுதான். கூட வரவேண்டிய ஒரு குட்டிக் குளவி வரலை. ஆண் அத்தியில பிறந்து, மகரந்தத்தோட பெண் அத்திக்குள்ளே நுழையற குளவி அது. ஜார்ஜ் ரோடிங்ங்கிறவர் 1899-ல அதைக் கொண்டுவந்து நிலைநிறுத்தின அப்புறம்தான் பழம் தங்குச்சு. கலிஃபோர்னியாவும் ஸ்மிர்னாவும் சேர்ந்து 'கலிமிர்னா'ன்னு புதுப் பேரும் கிடைச்சுது.

டொரோண்டோ குளிர்ல அந்தக் குளவி பிழைக்காது. அதனால இங்கே காய்க்கிற எந்த அத்தியும் குளவி இல்லாமலே பழுக்கிற வகைதான். நோன்னோ மரத்தைப் பத்தி என்னால உறுதியா சொல்ல முடிஞ்சது இவ்வளவுதான்.

போன நவம்பர்ல அவருக்கு இடுப்பு ஒத்துழைக்கலை. குழியை நான் வெட்டினேன். அவர் நாற்காலியில உட்கார்ந்து அதட்டினார். வெட்டின கிளையிலேருந்து ஆறு குச்சியை எடுத்து ஈரக் காகிதத்துல சுத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் அவர் மகன் வீட்டுக்கு, உட்பிரிட்ஜுக்குப் போயிட்டார். வீட்டை வித்தாச்சு. வாங்கினவங்க இடிச்சுட்டுப் புதுசா கட்டப் போறாங்க. மரம் இன்னும் மண்ணுக்குள்ளே படுத்திருக்கு. ஏப்ரல்ல அதை எழுப்புறதா வேண்டாமான்னு யார்கிட்ட கேக்கிறதுன்னே எனக்குத் தெரியலை.

ஆறு குச்சியில மூணு வேர் விட்டுடுச்சு. சேகரிக்கிறவர் ஒருத்தர்கிட்ட படம் காட்டினேன். பார்த்துட்டு ஒரு விலை உயர்ந்த ரகத்தோட பேரைச் சொல்லி, "அது மாதிரிதான் இருக்கு. அந்தப் பேரை எழுதிட்டா செடிக்கு நூறு டாலர். பேரில்லைன்னா அஞ்சு டாலர்கூட தேறாது"ன்னார். மாசக் கடைசி. பொய் சொல்ல மாட்டேன், ஒரு ராத்திரி முழுக்க யோசிச்சேன். ஆனா அந்தப் பேரை எழுதின நிமிஷமே கலாப்ரியா, 1967, கோட்டுக்குள்ளே வந்த ஈரத்துணி எல்லாம் அழிஞ்சுபோகும். அந்த மரத்துக்குன்னு இருக்கிற சரித்திரமே அவ்வளவுதான். கலிஃபோர்னியாவுல டேவிஸ்ல இருக்கிற மரபுவளக் காப்பகத்துலகூட ஒவ்வொரு மரத்துக்கும் அது எங்கேருந்து வந்ததுன்னு ஒரு பதிவு வெச்சிருக்காங்க. பின்னாடி ஒருநாள் டி.என்.ஏ. பார்த்து யாராவது பேரைக் கண்டுபிடிச்சுடலாம். ஆனா யார் கொண்டுவந்தாங்கங்கிறதை எந்த டி.என்.ஏ.வும் சொல்லாது.

போன ஞாயித்துக்கிழமை ஒரு தொட்டியை பஸ்ல தூக்கிட்டு உட்பிரிட்ஜ் போனேன். நோன்னோ இலையைத் தடவிப் பார்த்தார், மண்ணைக் கிள்ளிப் பார்த்தார், தண்ணி ஜாஸ்தின்னு திட்டினார். அப்புறம் சீட்டைப் படிக்கச் சொன்னார். படிச்சேன்.

"கருப்பு. கலாப்ரியா. 1967. செயின்ட் கிளேர்."

"எங்க அப்பா பேரு விட்டுட்டியே"ன்னார்.

எழுதினேன்.

பி.கு.: உங்க ஊர்ல பாட்டி வெச்ச மாமரம், முருங்கைன்னு ஏதாவது பேரில்லாம நிக்குதா? பூக்காத மரம்னு நினைச்சுடாதீங்க. வெச்சவங்க இருக்கும்போதே கேட்டு எழுதி வெச்சுடுங்க.