சிங்கப்பூர் டூ திருவண்ணாமலை: விமான தூரமும் பயண நேரமும் கணக்கிடுவது எப்படி?

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு, திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம் ஏற்றப்படும். அதைப் பார்க்க சிங்கப்பூரிலிருந்து கிளம்புபவருக்கு வரும் முதல் கேள்வி: எந்த ஃபிளைட் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம்? திருவண்ணாமலையில் விமான நிலையம் இல்லை. பெரும்பாலானவர்கள் சென்னையில் இறங்கி, ரோடு வழியாகத்தான் வர வேண்டும்.

முதலில் தூரம். சிங்கப்பூர் சாங்கி - சென்னை மீனம்பாக்கம் இடையே சுமார் 2,920 கி.மீ. இதை யாரும் டேப் வைத்து அளப்பதில்லை. இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, உருண்டையான பூமியின் மேல் இரண்டையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டைக் கணக்கிடுகிறார்கள். இதற்குப் பெயர் பெருவட்டத் தூரம். பைலட்டுகள் இதைக் கடல் மைலில் சொல்வார்கள். ஒரு கடல் மைல் என்பது 1.852 கி.மீ.; அப்படிப் பார்த்தால் இந்தத் தூரம் ஏறக்குறைய 1,580 கடல் மைல்.

சுவரில் மாட்டியிருக்கும் தட்டையான மேப்பில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் கணக்கு தப்பாகிவிடும். சென்னை - நியூயார்க் குறுகிய பாதை, ஆர்க்டிக் வட்டம் வரை வடக்கே ஏறி இறங்குகிறது. மேப்பில் பார்த்தால் ஏதோ சுத்திக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். ஆனால் அதுதான் ஷார்ட் ரூட்.

சரி, நேரம்? பயணிகள் ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வேகத்தில் பறக்கும். 2,920-ஐ வகுத்தால் மூன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட வரும். ஆனால் ரன்வே வரை ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். பறக்கும் பாதையும் அந்த வளைகோட்டிலேயே அச்சு அசலாக இருக்காது. அதனால் மொத்தம் சுமார் 4 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றின் திசையைப் பொறுத்தும் இது மாறும். லண்டன் மார்க்கத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் பலமான மேல்காற்று இருப்பதால், சென்னைக்கு வரும்போது ஆகும் நேரத்தைவிட லண்டன் போகும்போது அதிகம் ஆகும்.

பலர் ஏமாறுவது கடிகாரத்தில்தான். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் காலை 8 மணிக்குப் புறப்பாடு, 9.30-க்கு சென்னை என்று இருந்தால், ஒன்றரை மணி நேரத்தில் வந்துடலாம்னு தோணும். இரண்டுமே அந்தந்த ஊர் நேரம். திரும்பிப் போகும்போது அதே 4 மணி நேரம், டிக்கெட்டில் ஆறரை மணி நேரமாகத் தெரியும்.

அடுத்து தரைவழி. மீனம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை நேர்கோட்டில் சுமார் 145 கி.மீ.தான். ஆனால் செங்கல்பட்டு, திண்டிவனம், செஞ்சி வழியாக ரோட்டில் 180 கி.மீ. வரை வரும். சாதாரண நாளிலேயே மூன்றரை முதல் 4 மணி நேரம் ஆகும். அதாவது வங்கக் கடலைத் தாண்டி வர ஆகும் நேரம், கிட்டத்தட்ட அப்படியே இங்கேயும் ஆகிவிடுகிறது!

காலை 9.30-க்கு இறங்குபவர் இமிகிரேஷன், பெட்டி எல்லாம் முடித்து 11 மணிக்குக் கிளம்பினால், ஊர் எல்லைக்கு வரவே பிற்பகல் 3 மணி. தீபத்தன்று பஸ்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடும்; அங்கிருந்து கூட்டத்தில் நடக்க வேண்டும். முந்தின நாளே வந்து சேருவதுதான் பாதுகாப்பு. அப்படியும் தவறவிட்டால், மலை உச்சியில் தீபம் 11 நாட்கள் எரியும்.