சங்கிலியைக் கழற்றிய கை

சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். தாதிப் பயிற்சி பெறுகிறாள். அடுத்து மனநோய் விடுதியில் பயிற்சியாம். “சேர், காயத்துக்கு மருந்து கட்டப் பயமில்லை. அங்க போகத்தான் பயமாக் கிடக்கு” என்றாள். இவ்வச்சம் அவளோடு பிறந்ததன்று; இதற்கு நீண்டதொரு சரித்திரம் உண்டு.

மனநோயாளரின் விலங்கை உடைத்தவர் பிரெஞ்சு வைத்தியர் பினெல் என்பர். ஓவியர்களும் அவரையே தீட்டினர். ஆனால் பாரிசின் பிசேத்ர் வைத்தியசாலையில் 1797-ம் ஆண்டு இரும்புச் சங்கிலிகளை அகற்றியவர் பியூசேன் என்னும் விடுதிக் கண்காணிப்பாளர். தோல் பதனிடும் தொழிலாளியாக இருந்தவர்; முன்னர் அங்கேயே நோயாளியாகக் கிடந்தவர். பணியாளர் எவரும் நோயாளரை அடிக்கலாகாதென விதித்தார். குணமடைந்தோரையே பணியில் அமர்த்தினார். அவரிடம் கற்றதைப் பினெலே தம் நூலில் ஒப்புக்கொண்டார். பட்டம் பெறாத உழைப்பாளி செய்த புரட்சி அது!

நம் நாட்டின் கதை வேறு. பிரித்தானியர் 1873-ம் ஆண்டு இயற்றிய சட்டம் நோயாளியை நீதிமன்றத்தின்முன் நிறுத்திற்று. 1926-ல் கொழும்புக்கருகே அங்கொடை ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. வாழைச்சேனை ஏழைக்கு அது தீவின் மறுகரை. அங்கே போனவன் ஊரின் நினைவிலிருந்து மறைந்தான். ‘அங்கொடை’ என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாயிற்று. அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் இன்று தாதியாகிறாள்.

அச்சம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஏர்வாடி சாட்சி. 2001 ஆகஸ்ட் 6-ம் நாள் அங்கே மூண்ட தீயில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர்.

யுத்தமும் 2004-ம் ஆண்டின் ஆழிப்பேரலையும் எங்கள் கரையில் வீடுதோறும் துயரை விதைத்தன. அக்காலத்தில் மனநல வைத்தியர் கணேசனும் அவருடன் உழைத்தோரும் மட்டக்களப்பு மாவட்டத்தின் கிராமங்கள்வரை சிகிச்சையைக் கொண்டுவந்தனர். நோயாளி தன் ஊரிலேயே குணமடைய முடியும் என்பதை எம் மக்கள் கண்ணாரக் கண்டனர்.

பயிற்சித் தாதியரின் மனப்பான்மை குறித்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இதையே உணர்த்துகின்றன. விரிவுரையைவிட, நல்ல வழிகாட்டியின் துணையோடு நோயாளியுடன் நேரிற் பழகுவதே அச்சத்தைப் போக்குகிறது. ஆனால் நெரிசல் மிகுந்த விடுதியில் ஓரிரு தாதியரை இரவெல்லாம் தனியே விட்டுவிட்டு, “அன்பு காட்டு” என்று உபதேசிப்பது வஞ்சகம். போதிய ஆளும் ஓய்வும் பாதுகாப்பும் கேட்பது தாதியரின் உரிமை. அதுவே நோயாளியின் உரிமையுமாகும்.

பியூசேனின் கதையை மாணவிக்குச் சொன்னேன். மௌனமாகக் கேட்டிருந்தவள், புறப்படும்போது, “அவர் முதல் நாள் பயப்படேல்லையா, சேர்?” என்றாள். பயந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அவளிடமும் அப்படியே சொன்னேன்.