பெர்மாவின் எண்ணும் ஆய்லரின் விடையும்

தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணைப் பகா எண் என்கிறோம். 2, 3, 5, 7 ஆகியவை இவ்வினத்தைச் சேர்ந்தவை. பகா எண்களைத் தவறாது தரவல்ல விதியொன்று உண்டா எனக் கணித அறிஞர் பலர் தேடினர். அவர்களுள் ஒருவர், பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டின் தூலூஸ் நகரில் நீதித்துறையில் அலுவல் பார்த்த பியேர் தெ பெர்மா.

1640இல் எழுதிய கடிதமொன்றில் அவர் ஒரு விதியைக் கூறினார். அது வருமாறு: 2ஐ அதனாலேயே பெருக்குக, வந்த விடையையும் அவ்வாறே பெருக்கிச் செல்க. 2, 4, 16, 256, 65,536 என எண்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுடனும் 1ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என வரும். ஐந்தும் பகா எண்களே! மேலே வருவன யாவும் அவ்வாறே அமையும் என்று பெர்மா நம்பினார். ஆயினும், அதற்குரிய நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை.

ஆறாம் எண் 4,294,967,297. இதனைச் சோதிக்க 65,536 வரையுள்ள பகா எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தல் வேண்டும். அவையோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவை.

1729இல் கோல்ட்பாக் என்பார் இவ்வினாவைக் கடித வாயிலாக ஆய்லருக்கு விடுத்தார். ஆய்லர் சுவிட்சர்லாந்தில் பிறந்து, ருசியாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் பணியாற்றியவர். 1732இல், தம் இருபத்தைந்தாம் வயதில், அவர் விடை கூறினார்: அவ்வெண் 641ஆல் மீதியின்றி வகுபடும்!

இஃது எவ்வாறு கிட்டியது? அவ்வெண்ணுக்கு வகுக்கும் எண் இருப்பின், அது 64இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டியதாகவே இருத்தல் வேண்டும் என்பதை ஆய்லர் பின்னர் நிரூபித்துக் காட்டினார். 65, 129, 193 எனச் செல்லும் அவ்வரிசையில் 641 வரையுள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்னும் ஐந்தே. ஆறாயிரம் வகுத்தல்கள் செய்யவேண்டிய இடத்தில் ஐந்தே போதுமாயின. கையுழைப்பைக் குறைத்தது சிந்தனை.

ஐயமுறுவோர் தாமே பெருக்கிப் பார்க்கலாம். 6,700,417ஐ 600ஆல் பெருக்க 4,020,250,200. 40ஆல் பெருக்க 268,016,680. 1ஆல் பெருக்க 6,700,417. மூன்றையும் கூட்டினால் 4,294,967,297. ஆரம்பப் பள்ளி மாணவனும் செய்யக்கூடிய கணக்கே இது.

1880இல் லாண்ட்ரி என்னும் பிரெஞ்சுக்காரர், ஏழாம் எண்ணும் 274,177ஆல் வகுபடுவதைக் கண்டார். கணிப்பொறிகள் வந்தபின் ஆராய்ச்சி மேலும் விரிந்தது. ஆறாம் எண் முதல் முப்பத்து மூன்றாம் எண் வரை ஒன்றேனும் பகா எண்ணன்று என்பது இன்று தெளிவு. பெர்மா கண்ட ஐந்துக்குமேல் ஆறாவது பகா எண் இவ்வரிசையில் இதுகாறும் அகப்படவில்லை.

இதனால் பெர்மாவின் பெருமை குறைந்துவிடவில்லை. அவர் நிரூபித்தளித்தவை பல இன்றும் நிலைபெற்றுள்ளன. ஆயின் மாணவர் உணரவேண்டிய உண்மை ஒன்றுண்டு. மூன்று கணக்குகளில் ஓர் ஒழுங்கு தென்பட்டால் அதையே விதியெனக் கொள்வது நம் இயல்பு. ஐந்து சான்றுகள் சேர்ந்தும், மாமேதை ஒருவரின் நம்பிக்கை துணைநின்றும், அவ்விதி ஆறாம் படியில் சரிந்தது. கணிதத்தில் சொன்னவர் யார் என்பது சான்றாகாது, நிரூபணமே சான்று.